செஷன் ஏறியிருக்கிறது, நெட் மட்டும் போகவில்லை: சிறு ஐஎஸ்பிகளுக்கு ரூட்டிங், ஐபி பதிவேட்டுப் பிழை நீக்கும் வழிமுறை

கேபிள் டிவியில் தொடங்கி, அப்புறம் பிராட்பேண்ட் கொடுத்து, இப்போது சொந்தமாக ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) ஐபி பிளாக்கும் (ஐபி முகவரித் தொகுப்பு) வைத்திருக்கும் ஆபரேட்டர்கள் கோபி, பெருந்துறை, காங்கயம், பல்லடம், உடுமலை என்று கொங்குப் பக்கம் முழுக்க இருக்கிறார்கள். லாரி இழுத்துப்போட்ட ஃபைபரை நடுராத்திரியில் ஸ்ப்ளைஸ் போடுவதும், ஓஎல்டி (ஃபைபர்கள் வந்து சேரும் நம் பக்கத்துப் பெட்டி) கார்டு மாற்றுவதும் இவர்களுக்குக் கைவந்த வேலை. கோளாறு ஃபைபரிலும் இல்லை, ரூட்டரிலும் இல்லை, எங்கோ ஒரு பதிவேட்டில் ஒரு வரி தப்பாக இருக்கிறது என்றால்தான் சிக்கல். அப்ஸ்ட்ரீம்காரரை, அதாவது நமக்கு மேலிருந்து பேண்ட்விட்த் தருபவரை, கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க" என்பார். பதிவேட்டுக்கு மெயில் போட்டால் எந்த விவரம் வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். நடுவில் கஸ்டமர் போன் மேல் போன்.

அறிகுறியைப் பார்த்து, கோளாறு யார் பக்கம் என்று கண்டுபிடித்து, சரியான ஆளிடம் சரியான விவரத்தோடு போவதற்கான வழிமுறை இது. உதாரணத்துக்கு 203.0.113.0/24 என்ற பிளாக்கையும் (/24 என்றால் 256 முகவரி; இந்த எண் கூடக் கூட பிளாக் சிறிதாகும்) 64500 என்ற ஏஎஸ் எண்ணையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஆவணங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

ரூட்டரில் கை வைக்கும் முன்

முதலில் வெளியிலிருந்து பாருங்கள். உங்கள் நெட்டிலிருந்தே உங்கள் நெட்டைச் சோதித்தால் பாதிதான் தெரியும். போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு ரைப்ஸ்டாட், பிஜிபி டூல்ஸ், ஹரிகேன் எலக்ட்ரிக்கின் பிஜிபி பக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் திறந்து உங்கள் பிளாக்கைத் தேடுங்கள். மூன்றும் இலவச வெப்சைட்டுகள். பிஜிபி என்பது நெட்வொர்க்குகள் தங்கள் பிளாக்குக்கான வழியை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை. மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிளாக் உலக ரூட்டிங் டேபிளில் தெரிகிறதா, எந்த ஏஎஸ் எண்ணிலிருந்து வருவதாகத் தெரிகிறது, ஆர்பிகேஐ நிலை (அந்த ஏஎஸ் எண் அந்த பிளாக்கை அறிவிக்கலாமா என்ற சரிபார்ப்பு) என்ன. கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகள் இந்த மூன்றிலேயே பிரிந்துவிடும்.

பிறகு ஒரு பிங் சோதனை. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "ரூட்டர்ல இருந்து பிங் நல்லா போகுதுங்ணா, கஸ்டமருக்குத்தான் போகலை" என்பார்கள். ரூட்டரிலிருந்து சும்மா பிங் அடித்தால் அது அப்லிங்க் போர்ட்டின் ஐபியிலிருந்து கிளம்பும். அந்த ஐபி அப்ஸ்ட்ரீம் கொடுத்தது, அவர்களுடைய பிளாக்கைச் சேர்ந்தது. அது எப்போதும் போகும், வரும். சோர்ஸ் முகவரியாக உங்கள் சொந்த பிளாக்கிலிருந்து ஒரு ஐபியைக் கொடுத்து அதே இடத்துக்கு மறுபடி பிங் அடியுங்கள். முதலாவது போய் இரண்டாவது போகவில்லை என்றால், பாக்கெட் வெளியே போகிறது, பதில் திரும்பி வர வழியில்லை என்று அர்த்தம். அப்படியானால் கஸ்டமர் வீட்டு ஓஎன்யு பெட்டியை மாற்றியும் ஓஎல்டியை ரீபூட் செய்தும் பயனில்லை.

அறிகுறி: பிஜிபி செஷனே ஏறவில்லை

இது சுலபமான கேஸ். நிலை 'ஆக்டிவ்' என்று காட்டினால் வேலை செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இணைப்புக்கு முயன்றுகொண்டே இருக்கிறது, கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். எதிர்முனை ஐபிக்கு பிங் போகிறதா, டிசிபி போர்ட் 179-ஐ உங்கள் ஃபயர்வால் விதி எதுவும் அடைக்கிறதா, இரு பக்கமும் ஏஎஸ் எண் சரியா, எம்டி5 பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். நேரடி போர்ட் ஐபியில் இல்லாமல் லூப்பேக் ஐபியில் (எந்த போர்ட்டையும் சாராமல் ரூட்டருக்குள் இருக்கும் ஐபி) செஷன் போட்டிருந்தால் மல்டிஹாப் என்ற அமைப்பைக் கொடுக்க வேண்டும்.

எதிர்முனை மிகப் பழைய பெட்டியாக இருந்தால் உங்கள் ஏஎஸ் எண் அங்கே 23456 என்று தெரியலாம். பழைய பதினாறு பிட் அளவுக்குள் அடங்காத எண்களுக்கு வைத்திருக்கும் பதிலி எண் அது. பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் கவனம். செஷன் ஏறுகிறது, ரூட் ஒன்றும் வரவில்லை, 90 அல்லது 180 நொடியில் கீழே விழுகிறது, மறுபடி ஏறுகிறது. இது எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன பாக்கெட்டில் போகும் ஆரம்பப் பேச்சு நடந்துவிடும். ரூட்டுகளைச் சுமந்துவரும் பெரிய பாக்கெட் நடுவில் எங்கோ தொலைகிறது. எதிர்முனையின் செய்திக்குக் காத்திருக்கும் ஹோல்டு டைமர் முடிந்ததும் செஷன் போய்விடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1500 பைட் பிங் அடித்தால் உடனே தெரிந்துவிடும். நடுவில் யாராவது டனல் போட்டுக் கொடுத்திருந்தால் இது அடிக்கடி வரும்.

அறிகுறி: செஷன் ஏறிவிட்டது, ஆனால் வெளியே எங்கும் நம் பிளாக் தெரியவில்லை

மூன்று இடத்தில் நின்றுபோயிருக்கலாம். உங்கள் ரூட்டரிலேயே நிற்கலாம், அப்ஸ்ட்ரீமின் ஃபில்டரில் நிற்கலாம், அப்ஸ்ட்ரீமுக்கு மேலே உள்ளவரிடம் நிற்கலாம். இந்த வரிசையில்தான் தேட வேண்டும்.

உங்கள் ரூட்டர், எதிர்முனைக்கு என்னென்ன ரூட் அனுப்புகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் /24 இல்லை என்றால் கோளாறு உங்களிடம்தான். பிஜிபியில் நெட்வொர்க் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது, அதே அளவில் ஒரு ரூட் ரூட்டிங் டேபிளிலும் இருக்க வேண்டும். நீங்கள் பிளாக்கை /27, /28 என்று பிரித்துக் கஸ்டமர்களுக்குக் கொடுத்திருப்பீர்கள், முழு /24 டேபிளில் எங்கும் இருக்காது. முழு /24-க்கும் ஒரு பிளாக்ஹோல் ரூட் (வந்த பாக்கெட்டை அங்கேயே தொலைத்துவிடும் ரூட்) போடுங்கள். மைக்ரோடிக் ஏழாம் பதிப்புக்கு மாறியவர்கள் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். இந்த பிளாக்ஹோலால் இன்னொரு நன்மையும் உண்டு. யாருக்கும் கொடுக்காத ஐபிக்கு வெளியிலிருந்து வரும் குப்பை டிராஃபிக் உங்களுக்கும் அப்ஸ்ட்ரீமுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி வராது.

ரூட்டர் அனுப்புகிறது, ஆனாலும் வெளியே தெரியவில்லை என்றால் அப்ஸ்ட்ரீமின் லுக்கிங் கிளாஸில் (அவர்கள் ரூட்டரில் என்ன தெரிகிறது என்று வெளியாள் பார்க்கும் வெப் பக்கம்) பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் அவர்களுடைய பிரிஃபிக்ஸ் ஃபில்டரில் (எந்த பிளாக்குகளை ஏற்கலாம் என்ற பட்டியல்) உங்கள் பிளாக் சேர்க்கப்படவில்லை. சிலர் கையால் சேர்ப்பார்கள், அதற்கு லெட்டர்ஹெட்டில் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். பெரிய நெட்வொர்க்குகள் ரூட் பதிவேட்டிலிருந்து தானாக ஃபில்டர் தயாரிக்கும். அதற்கு ராட்பி போன்ற ஒரு பதிவேட்டில் உங்கள் பிளாக்குக்கும் ஏஎஸ் எண்ணுக்கும் ரூட் ஆப்ஜெக்ட், அதாவது இரண்டையும் இணைக்கும் பதிவு, இருக்க வேண்டும். இந்தத் தானியங்கி பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். இன்று மதியம் பதிந்துவிட்டு சாயங்காலம் சண்டைக்குப் போகாதீர்கள்.

அப்ஸ்ட்ரீமிடம் தெரிகிறது, அதற்கு மேலே தெரியவில்லை. இதுதான் அதிகம் இழுத்தடிக்கும் கேஸ், ஏனென்றால் நீங்கள் பேச முடியாத ஒருவரின் ஃபில்டர் அது. கோவையில் உங்களுக்கு பேண்ட்விட்த் தருபவர், சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ வேறொருவரிடம் வாங்குகிறார். அந்த மேல்நிலை நெட்வொர்க், உங்கள் அப்ஸ்ட்ரீமின் ஏஎஸ் செட் என்ற பட்டியலை (அவர்கள் வழியாக வரும் ஏஎஸ் எண்கள்) பார்த்து ஃபில்டர் போடுகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் ஏஎஸ் எண் இல்லை. "எங்க பிளாக்கைச் சேர்த்துட்டீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால் "சேர்த்தாச்சு" என்றுதான் பதில் வரும், அவர்கள் ரூட்டரில் சேர்த்திருப்பார்கள். "உங்க ஏஎஸ் செட்டில் 64500 சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். வேலை நடக்கும்.

ஒரு சின்ன விஷயம்: ஐபிவி4-இல் /24-ஐ விடச் சின்னதாக அறிவித்தால் உலகம் எடுத்துக்கொள்ளாது, ஐபிவி6-இல் /48. யாராவது /25 வாடகைக்குத் தருகிறேன், உங்கள் ஏஎஸ்-இல் அறிவித்துக்கொள்ளுங்கள் என்றால் வாங்காதீர்கள்.

அறிகுறி: பாதி சைட் திறக்கிறது, பாதி திறக்கவில்லை

இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. கஸ்டமர் சொல்லும் விதமே குழப்பும். "ஏனுங்ணா, யூடியூப் வருதுங், வாட்சப் வருதுங், அந்த பையரோட போர்ட்டல் மட்டும் தொறக்கவே மாட்டீங்குதுங்" என்று அவிநாசி ரோட்டு பனியன் கம்பெனியிலிருந்து போன் வரும். யூடியூப் வந்தால் நெட் நன்றாக இருக்கிறது, அந்த சைட்டில்தான் கோளாறு என்று சொல்லிவிடத் தோன்றும். அதே சைட் மொபைல் டேட்டாவில் திறந்தால் அப்படிச் சொல்லாதீர்கள். ஆர்பிகேஐ நிலையைப் பாருங்கள்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்திரம் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும் பட்டா மாறவில்லை என்றால் தாலுகா ஆபீஸில் பழையவர் பெயர்தான் நிற்கும். இந்தியாவில் ஐபி முகவரி தரும் இரின் பதிவேட்டில் பிளாக் உங்கள் பெயரில் இருப்பது பத்திரம். எந்த ஏஎஸ் எண் அந்த பிளாக்கை அறிவிக்கலாம் என்று சொல்லும் கையெழுத்திட்ட பதிவு, அதாவது ரோவா, பட்டா.

ஒரு அறிவிப்பை ரோவாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ரூட்டர் மூன்றில் ஒரு முடிவுக்கு வரும். ரோவாவே இல்லை என்றால் 'தெரியவில்லை', அதை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். ரோவாவும் அறிவிப்பும் பொருந்தினால் 'செல்லும்'. ரோவா இருந்து பொருந்தவில்லை என்றால் 'செல்லாது'. ஏடி அண்ட் டி 2019-லேயே தன் பியர்களிடமிருந்து (நேரடியாக இணைந்த மற்ற நெட்வொர்க்குகள்) வரும் செல்லாத ரூட்டுகளைத் தள்ள ஆரம்பித்துவிட்டது, அதன்பின் பெரிய நெட்வொர்க்குகள் பல சேர்ந்துவிட்டன. தள்ளுபவர்களிடம் உங்கள் பிளாக்குக்குத் திரும்பும் வழி கிடையாது, தள்ளாதவர்களிடம் உண்டு. பாதி திறந்து பாதி திறக்காததற்குக் காரணம் இதுதான். ரோவா இல்லாமல் இருப்பதைவிடத் தப்பான ரோவா இருப்பது அதிகம் கெடுக்கும்.

தப்பு எப்படி வருகிறது? நம் பக்கத்தில் நடக்கும் வழக்கமான கதை இது. ஒரு ஆபரேட்டர் முதலில் பிளாக் மட்டும் வாங்குகிறார், ஏஎஸ் எண் வாங்கவில்லை. அப்ஸ்ட்ரீம் தன் ஏஎஸ் எண்ணிலேயே அதை அறிவித்து, அதற்கு ரோவாவும் போடச் சொல்கிறார். நன்றாக ஓடுகிறது. இரண்டு வருஷம் கழித்து சொந்த ஏஎஸ் எண் வாங்கி, இரண்டாவதாக ஒரு அப்ஸ்ட்ரீமும் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாற்றுகிறார். ரோவாவில் இன்னும் பழைய அப்ஸ்ட்ரீமின் எண். திங்கட்கிழமை காலை வெளிநாட்டு சைட்டுகள் விட்டு விட்டுத் திறக்கின்றன. ரூட்டரில் மூன்று பேர் உட்கார்ந்து பழைய கன்ஃபிகரேஷனோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது.

சரியான வரிசை: ஒரே பிளாக்குக்கு இரண்டு ரோவா இருக்கலாம், அதில் தடையில்லை. மாற்றும் நாளுக்கு முன்பே புதிய ஏஎஸ் எண்ணுக்கு ஒரு ரோவா போடுங்கள். பழையதை அப்படியே விட்டுவிடுங்கள். புதியது வெளியே தெரிகிறதா என்று ரைப்ஸ்டாட்டில் பாருங்கள். பதிவேடு வெளியிட்டு, ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ரோவாவைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் மென்பொருள் அதை எடுத்து, அவர்கள் ரூட்டருக்குப் போய்ச்சேர சில நிமிடத்திலிருந்து சில மணி நேரம் ஆகும். அதன்பிறகு மாற்றுங்கள். புதிய வழியில் எல்லாம் ஓடி நிலைத்ததும் பழைய ரோவாவை மறக்காமல் நீக்குங்கள். நீக்காவிட்டால் பழைய அப்ஸ்ட்ரீம் உங்கள் பிளாக்கை அறிவித்தாலும் 'செல்லும்' என்றே காட்டும்.

இரண்டாவது தப்பு நீளத்தில் வருவது. உங்களிடம் ஒரு /23 இருக்கிறது, 512 முகவரி. ரோவாவில் /23, அதிகபட்ச நீளமும் (எவ்வளவு சிறிதாகப் பிரித்து அறிவிக்கலாம் என்ற வரம்பு) 23. ஒரு நாள் டிராஃபிக்கைப் பிரிக்க வேண்டும் என்று ஈரோடு பாப்பில் (நெட்வொர்க் இணைப்பு மையம்) ஒரு /24, கோபி பாப்பில் ஒரு /24 என்று அறிவிக்கிறீர்கள். இரண்டுமே 'செல்லாது'. கூடவே /23-ஐயும் அறிவித்திருந்தால் கோளாறு மறைந்து நிற்கும். /24-களைத் தள்ளியவர்கள் /23 வழியாக வருவார்கள், டிராஃபிக் மட்டும் விசித்திரமாக ஒரு லிங்க்கில் குவியும். /23-ஐ எடுத்த அன்றைக்குத்தான் வெடிக்கும்.

இதற்கு அதிகபட்ச நீளத்தை 24 என்று மாற்றிவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் /23 மட்டும் அறிவித்துக்கொண்டு, ரோவாவில் 24 வரை அனுமதி கொடுத்து வைத்தால், உங்கள் ஏஎஸ் எண்ணைப் பொய்யாகப் போட்டு ஒருவன் /24 அறிவிக்கலாம், அது 'செல்லும்' என்று காட்டும், உங்கள் /23-ஐவிடக் குறுகியது என்பதால் டிராஃபிக் அவனிடம் போகும். உண்மையில் எதை அறிவிக்கிறீர்களோ அது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரோவா போடுங்கள். 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9319 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் சொல்வதும் இதைத்தான்.

ஆர்பிகேஐ 'செல்லும்' என்று காட்டி, இருந்தும் ஒரே ஒரு நெட்வொர்க் மட்டும் வரவில்லை என்றால், அந்த நெட்வொர்க்கின் லுக்கிங் கிளாஸிலிருந்து உங்கள் ஐபிக்கு டிரேஸ்ரூட் போட்டுப் பாருங்கள். நீங்கள் இங்கிருந்து போடும் டிரேஸ்ரூட் போகிற வழியைத்தான் காட்டும். கோளாறு திரும்புகிற வழியில்.

அறிகுறி: ராத்திரி மாற்றம் செய்த பிறகு அப்ஸ்ட்ரீம் செஷனை அடைத்துவிட்டார்

லாகில் அதிகபட்ச பிரிஃபிக்ஸ் எண்ணிக்கை தாண்டியது என்று இருக்கும். உங்களிடம் இரண்டு அப்ஸ்ட்ரீம். ஒருவரிடமிருந்து பத்து லட்சம் ரூட்டை ஒட்டிய முழு டேபிள் வாங்கி, வெளியே போகும் ஃபில்டர் இல்லாததால் அதை அப்படியே மற்றவருக்கு அறிவித்துவிட்டீர்கள். உலக டிராஃபிக்குக்கு நீங்கள் நடுவழியாக நிற்க முயன்றிருக்கிறீர்கள். எதிர்முனை அடைத்தது உங்களுக்கு நல்லது.

அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூன் 24 சாட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு உலோகத் தொழில் நிறுவனத்துக்கு இரண்டு இணைப்புகள். ஒரு சிறு ஐஎஸ்பியிடமிருந்து வந்த ரூட்டுகள் அந்த நிறுவனத்தின் வழியாக வெரைசனுக்குக் கசிந்தன. வெரைசன் ஃபில்டர் செய்யாமல் உலகுக்கே அனுப்பியது. கிளவுட்ஃபிளேர் உட்படப் பல சேவைகள் சில மணி நேரம் தடுமாறின. பீளமேட்டிலோ கணபதியிலோ இரண்டு லீஸ் லைன் வைத்திருக்கும் ஒரு ஃபவுண்டரிக்கு நீங்கள் பிஜிபி கொடுக்கிறீர்கள் என்றால், அங்கே வெரைசன் நின்ற இடத்தில் இங்கே நீங்கள் நிற்கிறீர்கள்.

தீர்வு: வெளியே போகும் ஃபில்டரில் உங்கள் பிளாக்கையும், உங்களிடம் பிஜிபி வாங்கும் கஸ்டமர் பிளாக்கையும் மட்டும் அனுமதித்து மற்றதெல்லாம் மறுப்பு என்று எழுதுங்கள். கஸ்டமர் பக்கத்திலிருந்து வருவதற்கும் ஃபில்டரும் அதிகபட்ச எண்ணிக்கையும் வையுங்கள். ஃபில்டரைச் சரிசெய்துவிட்டு, அதை எழுத்தில் சொல்லி, செஷனைத் திறக்கச் சொல்லுங்கள். சரிசெய்யாமல் "திறந்து விடுங்க, பார்த்துக்கறோம்" என்று கேட்காதீர்கள்.

அறிகுறி: நம் பிளாக் வேறு யாருடைய ஏஎஸ் எண்ணிலோ தெரிகிறது

பெரும்பாலும் இது திருட்டு அல்ல, எண்ணைத் தட்டும்போது வந்த தப்பு, அல்லது பழைய அப்ஸ்ட்ரீம் நிறுத்த மறந்தது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், அரசு உத்தரவின்படி யூடியூப்பை நாட்டுக்குள் தடுக்க அதன் முகவரியில் ஒரு /24-ஐத் தன் பக்கம் திருப்பியது. அது மேல்நிலை நெட்வொர்க் வழியாக வெளியே கசிந்து, உலகம் முழுக்க யூடியூப் போய்விட்டது. யூடியூப் அறிவித்தது /22, அவர்கள் அறிவித்தது /24. குறுகியதுதான் ஜெயிக்கும்.

அதனால் உங்கள் பிளாக் /23 என்றால், முதல் வேலையாக இரண்டு /24-களுக்கும் ரோவா போட்டு, இரண்டையும் அறிவியுங்கள். உங்களுடையதே /24 என்றால் அதற்குக் கீழே போக முடியாது, ரோவா ஒன்றுதான் துணை. பிறகு அந்த ஏஎஸ் எண்ணின் தொடர்பு விவரத்தை ஹூயிஸிலும் (பதிவேட்டின் பொதுத் தேடல்) பியரிங்டிபியிலும் (நெட்வொர்க்குகளின் விவரத் தளம்) எடுத்து மெயிலும் போனும் போடுங்கள். பதில் இல்லை என்றால் அவர்களுக்கு மேலே உள்ளவருக்கு எழுதுங்கள், ஏஎஸ் பாதையில் அவர் யார் என்று தெரியும். மரியாதையாக எழுதுங்கள். எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் நம்மைப் போல ஒரு சின்ன ஆபரேட்டர், அவருக்கே தெரிந்திருக்காது.

அறிகுறி: பேங்க் ஆப் 'வெளிநாட்டிலிருந்து வருகிறீர்கள்' என்கிறது, ஓடிடி படம் காட்ட மறுக்கிறது

ரூட்டிங்கில் ஒன்றும் கோளாறில்லை. ஐபி எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் தனியார் தரவுத்தளங்களில் பழைய விவரம் இருக்கிறது. வாங்கிய பிளாக் முன்பு வேறு நாட்டில் இருந்திருந்தாலோ, வாடகை பிளாக்காக இருந்தாலோ இது அடிக்கடி வரும். முதலில் ஹூயிஸில் நாட்டுக் குறியீடு இந்தியா என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஜியோஃபீடு என்ற சிறு கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள். ஒரு வரிக்கு ஒரு பிளாக், நாடு, மாநிலம், ஊர், இடையில் காற்புள்ளி, அவ்வளவுதான். ஆர்எஃப்சி 8805 அதன் வடிவத்தைச் சொல்கிறது. அதை உங்கள் வெப்சைட்டில் வைத்து, பதிவேட்டில் உள்ள உங்கள் பிளாக் பதிவில் அதன் முகவரியைக் குறிப்பாகச் சேருங்கள். மேக்ஸ்மைண்ட் போன்ற தரவுத்தளங்களின் திருத்தப் படிவத்தையும் நிரப்புங்கள். ஒவ்வொருவரும் தங்கள் வேகத்தில்தான் மாற்றுவார்கள், கஸ்டமரிடம் இன்றே சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: கம்பெனி மெயில் திரும்பி வருகிறது, அல்லது ஸ்பேமில் விழுகிறது

திருப்பூரில் இது ஆர்டர் சம்பந்தப்பட்ட விஷயம். சாம்பிள் ஒப்புதல் மெயில் பையரின் ஸ்பேமில் கிடந்தால் ஷிப்மென்ட் தேதியே தள்ளிப்போகும். சொந்த மெயில் சர்வர் வைத்து உங்கள் ஸ்டாடிக் ஐபியில் ஓட்டும் கம்பெனி என்றால், அந்த ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபியிலிருந்து பெயர் வர வேண்டும், அந்தப் பெயரிலிருந்து அதே ஐபி திரும்ப வர வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதை எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கிறது.

பலர் தங்கள் டிஎன்எஸ் சர்வரில் பதிவு போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று தேடுவார்கள். பதிவேட்டிலிருந்து உங்கள் சர்வருக்கு அந்த /24-இன் ரிவர்ஸ் ஜோன் (ஐபியிலிருந்து பெயர் சொல்லும் பட்டியல்) ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் இரண்டு நேம்சர்வரும் அந்த ஜோனுக்குப் பதில் சொல்லும்படி முதலில் தயார் செய்யுங்கள், அதன்பிறகு இரின் கணக்கில் அவற்றின் பெயரைக் கொடுங்கள்.

ரிவர்ஸ் சரியாக இருந்தும் திரும்பினால் ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைக் குறிக்கும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற பட்டியலில் ஐபி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீக்கச் சொல்லும் முன் காரணத்தை நீக்குங்கள். வீட்டுக் கனெக்‌ஷன்கள் சிஜிநாட் (பல வீட்டுக்கு ஒரே வெளி ஐபி) வழியாக வெளியே வரும் ஐபிகளும் கம்பெனி மெயில் சர்வர் ஐபியும் ஒரே /24-இல் அடுத்தடுத்து இருக்க விடாதீர்கள். வீட்டுக் கனெக்‌ஷனிலிருந்து வெளியே போகும், மெயில் அனுப்புவதற்கான போர்ட் 25-ஐ அடைத்துவிடுங்கள்.

அப்ஸ்ட்ரீமுக்கு எப்படி எழுதுவது

"நெட் ஸ்லோ, உடனே பாருங்க" என்று எழுதினால் முதல் நிலை ஆள் லிங்க் அப் ஆக இருக்கிறது என்று பதில் எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், விஷயம் இந்த மாதிரி இருக்கட்டும்:

'எங்கள் ஏஎஸ் 64500. 203.0.113.0/24 காலை 9.40 முதல் உங்கள் லுக்கிங் கிளாஸில் தெரிகிறது, உங்களுக்கு மேலே உள்ள நெட்வொர்க்கின் லுக்கிங் கிளாஸில் தெரியவில்லை. ரோவா உள்ளது, நிலை செல்லும். ரூட் ஆப்ஜெக்ட் ராட்பியில் உள்ளது. உங்கள் ஏஎஸ் செட்டில் 64500 இல்லை என்று தெரிகிறது. சேர்த்து, மேலே ஃபில்டரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இரு லுக்கிங் கிளாஸ் விடைகளும் எங்கள் /24-ஐ சோர்ஸாக வைத்த டிரேஸ்ரூட்டும் இணைத்துள்ளேன்.'

இதைப் படிப்பவர் எதையும் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நேரத்தை நிமிடத்தோடு போடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை விட எழுத்தாகவே ஒட்டுங்கள்.

அறிகுறி: பதிவேட்டுக் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை

மேலே சொன்ன பாதி தீர்வுக்கு இரின் கணக்கு வேண்டும். இந்தியாவில் முகவரியும் ஏஎஸ் எண்ணும் தருவது இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனமான நிக்ஸியின் கீழ் 2012 முதல் இயங்கும் இரின். அதற்கு மேலே ஆசிய பசிபிக் பகுதிக்கு பிரிஸ்பேனில் உள்ள ஏப்நிக். கணக்கு வாங்கும்போது ஆபீஸில் வேலைக்கு இருந்த பையன் தன் ஜிமெயிலையும் போன் நம்பரையும் கொடுத்திருப்பான். அவன் இப்போது பெங்களூரில். அல்லது பிளாக் 'கேபிள் விஷன்' என்ற தனிநபர் நிறுவனப் பெயரில் இருக்கும், இப்போது நடத்துவது பிரைவேட் லிமிடெட். கோளாறு வந்த அன்றைக்கு ரோவா மாற்றப் போனால் ஓடிபி வேறு ஊருக்குப் போகும்.

உள்ளே நுழைய முடியவில்லை என்றால், லெட்டர்ஹெட்டில் அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு, உறுப்பினர் பெயர், ஏஎஸ் எண், பிளாக், நிறுவன ஆவணம் எல்லாம் வைத்துத் தொடர்பு மாற்றம் கேளுங்கள். நிறுவனப் பெயர் மாறியிருந்தால் அது தனி வேலை. இரண்டையும் ஒரே மெயிலில் கலக்காதீர்கள், எது எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போகும். ஆண்டுக் கட்டணம் பாக்கியிருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். நீண்ட நாள் கட்டாமல் விட்டால் பிளாக்கே திரும்பப் போய்விடும். 2019-லிருந்து புதிதாகக் கேட்பவருக்கு ஐபிவி4-இல் அதிகபட்சம் ஒரு /23தான், அதனால் இழந்ததைத் திரும்பப் பெறுவது சுலபமில்லை.

புகார் தொடர்பு மெயிலை ஏப்நிக் பகுதியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்வார்கள். அந்த மெயிலில் வரும் இணைப்பை யாரும் அழுத்தாவிட்டால் உங்கள் தொடர்பு செல்லாதது என்று ஹூயிஸில் குறி விழும். அதனால் தனி ஆள் பெயரில் இல்லாமல், நாக் (நெட்வொர்க் கண்காணிப்பு), அப்யூஸ் (புகார்), அக்கவுண்ட்ஸ் என்று உங்கள் சொந்த டொமைனில் மூன்று மெயில் முகவரி உண்டாக்கி, ஒவ்வொன்றும் இரண்டு பேருக்காவது போகும்படி வையுங்கள். போன் நம்பர் உரிமையாளருடையதாகவோ ஆபீஸ் சிம்மாகவோ இருக்கட்டும். அந்த டொமைனின் மெயில் உங்கள் ஐபியிலேயே ஓடக் கூடாது. உங்கள் பிளாக் உலகத்துக்குத் தெரியாமல் போகும் நேரத்தில்தான் பதிவேட்டின் பதில் மெயில் உங்களுக்கு வந்துசேர வேண்டியிருக்கும்.